விளம்பரமும் திவால் அறிவிப்பும்: லண்டன் காபிக்கடைக்காரர் தீன் முகமதுவின் வாழ்க்கைத் தடம்

1811 மார்ச் 27 அன்று வெளிவந்த லண்டன் 'டைம்ஸ்' நாளிதழில் ஒரு சிறிய விளம்பரம் இருக்கிறது. போர்ட்மன் சதுக்கத்தை ஒட்டிய ஜார்ஜ் தெரு 34-ஆம் எண் வீட்டைத் தான் நேர்த்தியாக அமைத்திருப்பதாகவும், 'இந்தியக் கனவான்கள்' அங்கே வந்து அசல் சிலிம் புகையிலையோடு ஹூக்கா பிடிக்கலாம், இங்கிலாந்தில் இதுவரை யாரும் சமைத்திராத தரத்தில் கறி வகைகளைச் சாப்பிடலாம், உயர்ந்த ஒயினும் உண்டு என்றும் முகமது என்ற 'கிழக்கிந்தியர்' அதில் தெரிவிக்கிறார். கடையின் பெயர் ஹிந்துஸ்தானி காபி ஹவுஸ். பிரிட்டனில் இந்தியர் ஒருவர் நடத்திய முதல் இந்திய உணவகமாக இது இன்று கருதப்படுகிறது. அதற்கான நினைவுப் பலகையை வெஸ்ட்மின்ஸ்டர் நகராட்சி 2005-இல் அதே தெருவில் பதித்தது. பலகை இருக்கும் கட்டடத்தின் எண் 102. தெருவின் கதவெண்கள் பிற்காலத்தில் மாறிவிட்டன. பழைய விளம்பரத்தின் முகவரியைக் கையில் வைத்துக்கொண்டு இன்றைய 34-ஆம் எண்ணைத் தேடிப் போகிறவர் வேறு வீட்டு வாசலில்தான் நிற்பார்.

பட்னாவில் 1759-இல் பிறந்து, கிழக்கிந்தியக் கம்பெனியின் வங்காளப் படையில் சுபேதார் வரை உயர்ந்து, 1784-இல் கேப்டன் காட்ஃபிரே பேக்கருடன் அயர்லாந்தின் கார்க் நகருக்குப் போய், லண்டனில் கடை வைத்து நொடித்து, பிரைட்டன் கடற்கரையில் குளியலகம் நடத்தி அரசர்களின் ஆதரவு பெற்று, 1851-இல் இறந்தவர் தீன் முகமது. ஆங்கிலத்தில் நூல் எழுதி வெளியிட்ட முதல் இந்தியரும் அவரே. மைக்கேல் ஃபிஷர் 1996-இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாழ்க்கையை ஏறத்தாழ முழுமையாக மீட்டுத் தந்துவிட்டது. இக்கட்டுரை பார்ப்பது அந்த மீட்பின் ஒரு பக்கத்தை மட்டும். கடைக்காரர் ஒருவரைப் பழைய நாளிதழ் அறிவிப்புகளின் வழியே தேடும்போது, ஒவ்வொரு அறிவிப்பிடமும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி 'இதில் என்ன எழுதியிருக்கிறது' என்பதல்ல, 'இதற்குக் காசு கொடுத்தது யார், ஏன்' என்பதே. தாமே காசு கொடுத்துப் போட்ட விளம்பரங்களில் முகமது ஆண்டுக்கு ஆண்டு வேறு ஆளாகிறார். சட்டத்தின் கட்டாயத்தால் அச்சான அறிவிப்பு அவரைப் பற்றி மிகக் குறைவாகவே சொல்கிறது. ஆனால் அதில் அவர் கைவைக்க முடியாது.

முதலில் அந்த 1811 விளம்பரத்தையே நிதானமாகப் படிக்கலாம். பலரும் இதைக் கடை திறப்பு விளம்பரமாக எடுத்துக்கொள்கிறார்கள். ஆனால் இதுவரை கிடைத்த ஆதரவுக்கு நன்றி சொல்லி, இனிமேலும் ஆதரவை வேண்டுகிறது விளம்பரத்தின் பின்பகுதி. அதாவது வாடிக்கையாளர்கள் முன்பே வந்துபோயிருக்கிறார்கள். கடை திறந்தது 1810-இல். திறந்து மாதங்கள் ஆனபிறகு எதற்கு விளம்பரம்? கூட்டம் போதவில்லை என்பதே நேரான பதில். இன்னொன்று, பெயரில் காபி இருக்கிறதே தவிர, விளம்பர வாசகத்தில் காபியைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. ஹூக்காவும் கறியும் ஒயினும்தான் சரக்கு. 'இந்தியக் கனவான்கள்' என்பதும் நம்மவர்களைக் குறிக்கவில்லை. இந்தியாவில் கம்பெனி உத்தியோகம் பார்த்து, பணத்தோடும் நாக்கில் ஏறிய காரத்தோடும் ஊர் திரும்பிய ஆங்கிலேயர்களையே அது குறிக்கிறது. போர்ட்மன் சதுக்கம் அவர்கள் குடியிருந்த பகுதி.

அப்படித் திரும்பியவர்களில் ஒருவர் பேசில் காக்ரேன். நமக்குப் பழக்கமான ஊரில் சம்பாதித்தவர். சென்னையில் இருந்துகொண்டு பிரிட்டிஷ் கடற்படைக்கு உணவுப்பொருள் வழங்கும் ஒப்பந்தத்தில் பெரும் செல்வம் சேர்த்த ஸ்காட்லாந்துப் பிரபு குடும்பத்தவர். லண்டன் திரும்பி போர்ட்மன் சதுக்கத்து மாளிகையில் நீராவிக் குளியலறை அமைத்தார். காபிக்கடைக்கு முன்பு முகமது வேலை பார்த்தது அங்கேதான். பிற்காலத்தில் அவருக்குப் புகழ் தேடித் தந்த தொழிலின் தொடக்கம் அந்த வீட்டில் இருக்கிறது.

விளம்பரம் மலிவான காரியமாக இருக்கவில்லை. 1789 முதல் ஒவ்வொரு விளம்பரத்துக்கும் மூன்று ஷில்லிங் அரசாங்க வரி. இரண்டு வரி விளம்பரமானாலும் இருபது வரியானாலும் அதே தொகை. 1815-இல் அது மூன்றரை ஷில்லிங் ஆனது, 1833-இல் ஒன்றரையாகக் குறைந்தது, 1853-இல்தான் ஒழிந்தது. நாளிதழ்த் தாள் ஒவ்வொன்றுக்கும் மூன்றரைப் பென்ஸ் முத்திரை வரி வேறு. சாமானியர் நாளிதழ் வாங்க முடியாத காலம் அது. ஆகவே ஒரு பிரதியைப் பலர் காபிக்கடைகளில் உட்கார்ந்து படித்தார்கள். முகமதுவின் விளம்பரத்தையும் பெரும்பாலோர் இன்னொருவர் காபிக்கடையில் உட்கார்ந்துதான் படித்திருப்பார்கள் என்பது வேடிக்கை. கீழை வணிகத்தோடு தொடர்புடையவர்கள் கூடும் ஜெருசலம் காபி ஹவுஸ் கார்ன்ஹில் பகுதியில் ஏற்கனவே நிலைபெற்றிருந்தது. மேட்டுக்குடியினர் வாழ்ந்த மேற்கு லண்டனிலோ, இந்தியச் சமையல் தெரிந்த வேலைக்காரர்களை வீட்டிலேயே வைத்துக்கொள்ளும் வசதி பலருக்கு இருந்தது. அவர்கள் எதற்குக் கடை தேடி வரவேண்டும்?

விளம்பரம் போட்டு முன்பணம் திரட்டும் வித்தை முகமதுவுக்குப் புதிதல்ல. 1793-இல் கார்க் நகரப் பத்திரிகைகளில் தமது பயண நூலுக்குச் சந்தாதாரர்களைக் கேட்டு அறிவிப்பு வெளியிட்டவர் அவர். 320 பேர் தலைக்கு இரண்டரை ஷில்லிங் முன்பணம் கட்டினார்கள். 1794-இல் நூல் இரண்டு தொகுதிகளாக வந்தது. அதில் அவர் 'தீன் மகோமெட்'. லண்டன் விளம்பரத்தில் வெறும் 'முகமது'. பிரைட்டனில் 'சேக்' முன்னொட்டாகச் சேர்ந்து 'சேக் தீன் முகமது' ஆகிறார். ஆங்கில எழுத்துக்கூட்டல் ஒவ்வொரு முறையும் மாறுகிறது. இன்று கணினித் தொகுப்புகளில் தேடுகிறவர் ஒரே எழுத்துக்கூட்டலைத் தட்டினால் வாழ்க்கையின் மூன்றில் ஒரு பங்குகூடக் கிடைக்காது. அச்செழுத்தும் சதி செய்யும். 18-ஆம் நூற்றாண்டு அச்சில் ஆங்கில 'எஸ்' பல இடங்களில் 'எஃப்' போலவே நீண்டிருக்கும். கணினி அதை 'எஃப்' என்றே வாசித்து 'ஹிந்தோஃப்தான்' என்று பதிவுசெய்துவிடும். 'டைம்ஸ்' அந்த நெட்டெழுத்தை 1803-இல் கைவிட்டதால் லண்டன் விளம்பரங்களில் இந்தத் தொல்லை இல்லை.

கடை முகமதுவின் கையில் நெடுநாள் தாக்குப்பிடிக்கவில்லை. 1812-இல் முகமது திவாலானார். 1810-இல் தொடங்கிய கடன் நெருக்கடியில் பிரிட்டிஷ் வணிகர்கள் சாரிசாரியாக விழுந்துகொண்டிருந்த காலம் அது. நெப்போலியன் போரும் அமெரிக்க வணிகத் தடையும் சேர்ந்து 'லண்டன் கெசட்'டின் திவால் பட்டியலை நீட்டிக்கொண்டிருந்தன. 1665-இல் தொடங்கிய அரசிதழ் அது. பிரிட்டனில் கடை வைத்திருந்த ஒருவரைத் தேடும் யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. கூட்டு வியாபாரம் கலைந்தாலும் அதில் வரும், கடை நொடித்தாலும் அதில் வரும்.

இங்கே ஒரு தவறான புரிதலைச் சரிசெய்ய வேண்டும். முகமது தாமே திவால் மனு கொடுத்தார் என்று பல கட்டுரைகள் எழுதுகின்றன. 'மஞ்சள் கடுதாசி கொடுத்துவிட்டார்' என்று நம் ஊரில் கடன்பட்டவரைச் செய்பவராக வைத்துச் சொல்வது போன்ற நினைப்பு இது. 1812-இல் இங்கிலாந்தில் அந்த வழி கிடையாது. 1732-ஆம் ஆண்டுச் சட்டப்படி, குறைந்தது நூறு பவுன் பாக்கி உள்ள, கடன் கொடுத்த ஒருவர்தான் மனுச் செய்ய முடியும். அதன்மேல் ஆணையர்கள் நியமிக்கப்படுவார்கள், 'கெசட்'டில் அறிவிப்பு வரும், குறித்த நாட்களுக்குள் திவாலானவர் ஆஜராகிச் சொத்தை ஒப்படைக்க வேண்டும். வராமல் ஒளிந்துகொண்டால் அந்தச் சட்டத்தில் மரண தண்டனை வரை இடமிருந்தது. இன்னொரு விஷயம், திவால் சட்டம் வணிகர்களுக்கு மட்டுமே உரியது. வணிகர் அல்லாதவர் கடன்பட்டால் சிறைதான். 1861 வரை இந்த வேறுபாடு நீடித்தது. ஆக, திவால் என்பது அவமானமாக இருந்தாலும், சட்டத்தின் கண்ணில் அது ஒரு சலுகையும்கூட. இருப்பதை ஒப்படைத்து, கடன் கொடுத்தவர்களில் போதுமானவர்கள் சான்றிதழில் கையெழுத்திட்டால் மீதிக் கடனிலிருந்து விடுதலை.

விடுதியும் காபிக்கடையும் நடத்துபவர் வணிகரா, விருந்தோம்பல் தொழிலாளியா என்பதில் சட்டம் நெடுநாள் இழுபறியாக இருந்தது. 1825-ஆம் ஆண்டுச் சட்டம்தான் காபிக்கடைக்காரர்களைப் பெயர் சொல்லிச் சேர்த்தது. அதற்கு முந்தைய 'கெசட்' அறிவிப்புகளில் தொழிற்பெயரோடு, சரக்கு வாங்கி விற்பவர் என்ற வாய்பாடும் வழக்கமாக ஒட்டப்பட்டிருக்கும், ஆளைச் சட்டத்துக்குள் கொண்டுவருவதற்காக. முன்னோரைத் தேடும் வாரிசுகள் இதைப் படித்துவிட்டுத் தம் பாட்டனார் ஊர் ஊராய்ப் போய் விற்ற வியாபாரி என்று எழுதிக்கொள்வதுண்டு. அது குமாஸ்தாவின் கைப்பழக்கம்.

திவாலுக்கு அடுத்த சுவடு 1813 ஏப்ரல் 20 தேதியிட்ட 'டைம்ஸ்' இதழில் இருக்கிறது. முகமதுவின் வாழ்க்கை குறித்த அறிவிப்புகளில் என்னை அதிகம் தடுத்து நிறுத்துவது இதுதான். ஹிந்துஸ்தானி காபி ஹவுஸின் முன்னாள் முகமது, கனவான் குடும்பத்தில் பட்லர் வேலையோ, தனியாக வாழும் கனவானுக்கு அந்தரங்கப் பணியாள் வேலையோ தேடுகிறார். சந்தைக்குப் போய்ப் பார்த்து வாங்கத் தெரியும், சமையலறையை நிர்வகிக்கத் தெரியும், நகரமானாலும் நாட்டுப்புறமானாலும் சம்மதம். வயது அப்போது ஐம்பத்துமூன்று, ஐம்பத்துநான்கு. படையில் சுபேதாராக இருந்ததைச் சொல்லவில்லை. நூல் எழுதியதைச் சொல்லவில்லை. காக்ரேன் வீட்டில் கற்ற நீராவிச் சிகிச்சையைப் பற்றியும் மூச்சு இல்லை. நொடித்துப்போன கடையின் பெயர்தான் அவருக்கு மிச்சமிருந்த நற்சான்று. அதையே முதல் வரியில் வைத்தார். கணக்குப் பார்த்தால் அது சரியான முடிவு: கடை வேறு கைக்கு மாறியும் அதே பெயரில் 1833 வரை நடந்தது என்றால், பெயருக்கு மதிப்பு இருந்திருக்கிறது. 1815-இல் வெளிவந்த லண்டன் உணவக வழிகாட்டி நூலொன்றும் அவரையும், கறிப்பொடி சேர்த்த பண்டங்களையும், ஹூக்காவுக்கென ஒதுக்கிய அறையையும் நினைவுகூர்கிறது.

பிரைட்டன் அத்தியாயம் பலமுறை எழுதப்பட்டதால் சுருக்கமாகப் போகலாம். 1814 வாக்கில் அங்கே குடிபெயர்ந்து, மூலிகை நீராவிக் குளியலோடு உடம்பு பிடித்துவிடும் தொழிலைத் தொடங்கினார். 'ஷாம்பூயிங்' என்று அவர் விளம்பரப்படுத்தியது அதைத்தான். வாதம், மூட்டுவலி, பழைய சுளுக்கு எல்லாம் தீரும் என்று உள்ளூர்ப் பத்திரிகைகளில் அறிவிப்புகள் வந்தன. 1821-இல் கடற்கரையோரம் சொந்தப் பெயரில் பெரிய குளியலகம் எழுந்தது. நான்காம் ஜார்ஜும் பின்னர் நான்காம் வில்லியமும் அவரை அரண்மனை 'ஷாம்பூயிங் சர்ஜன்' ஆக்கினார்கள். குணமானவர்கள் விட்டுச்சென்ற ஊன்றுகோல்களைக் குளியலகத்தில் காட்சிக்கு வைத்தார். நாளிதழுக்குக் கட்டவேண்டிய வரி எதுவும் இல்லாத விளம்பரம் அது.

ஆனால் வாழ்க்கை வரலாற்றுக்கு இந்தக் காலத்து அச்சுச் சான்றுகளே அதிகம் ஏமாற்றுபவை. 1822-இல் வெளியிட்ட 'ஷாம்பூயிங்' நூலில் அவர் பிறந்த ஆண்டு 1749 ஆகிவிட்டது. இளமையில் மருத்துவம் பயின்றவராகவும் ஆகிவிட்டார். 1794 நூலின்படி அவர் தந்தை படையில் இறந்தபோது முகமது சிறுவன். பதினொரு வயது வாக்கில் பேக்கரின் பின்னே முகாமுக்குப் போனவர். அங்கே மருத்துவப் படிப்புக்கு இடமே இல்லை. பத்து வயதைக் கூட்டினால்தான் படிப்பதற்குக் காலம் கிடைக்கும். பொய் என்று இதை ஒதுக்கிவிட எனக்கு மனம் வரவில்லை. பட்டம் பெற்ற மருத்துவர்கள் நிறைந்த ஊரில் ஒரு கறுப்பு மனிதர் கடை விரிக்க, 'சந்தையில் வாங்கத் தெரியும்' என்ற 1813-இன் தகுதி போதாது. விளம்பரம் தேவைக்கேற்ப ஆளைச் செய்துகொண்டது.

பத்திரிகைக்காரர்கள் இறப்புச் செய்தியில் அந்தக் கூட்டலையே பிடித்துக்கொண்டார்கள். 1851 பிப்ரவரி 24 அன்று அவர் இறந்தபோது வயது நூற்றொன்று என்று ஊர் நம்பியது. புனித நிக்கோலஸ் தேவாலயத்துக் கல்லறையிலும் 101 என்றே வெட்டியிருக்கிறது. 1794 நூலின் கணக்கில் அவருக்குத் தொண்ணூற்றிரண்டு தாண்டியிருக்காது. குடும்பத்தார் கல்லில் வெட்டியதால் ஒரு தகவல் உண்மையாகிவிடாது. முப்பது ஆண்டு விளம்பரத்தை அவர்களும் படித்தவர்களே.

அதே கல்லில் இன்னொரு கணக்கும் இருக்கிறது. மனைவி ஜேன் 1850 டிசம்பரில் எழுபது வயதில் இறந்தார் என்கிறது. அப்படியானால் அவர் பிறந்தது 1780. முகமது கார்க்கில் ஜேன் டேலி என்ற பெண்ணோடு ஓடிப்போய் மணம் செய்ததோ 1786-இல். ஆறு வயதுக் குழந்தையை அவர் மணந்திருக்க முடியாது. லண்டன் மேரிலபோன் தேவாலயப் பதிவேட்டில் 1806-இல் ஜேன் ஜெஃப்ரீஸ் என்பவரோடு ஒரு திருமணம் பதிவாகியிருப்பதை அண்மைக் கால ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டி, கல்லறையில் இருப்பது இந்த இரண்டாவது ஜேனாகவே இருக்கலாம் என்கிறார்கள். மனைவியின் வயதைக் குறைத்துச் சொல்வதால் தொழிலுக்கு லாபம் ஒன்றும் இல்லை என்பதால், கல்லின் இந்த எண்ணை நான் நம்புகிறேன். அப்படியானால் பிரைட்டனில் வாள்பயிற்சிக் கூடம் நடத்திய மகன் ஃபிரெடரிக்கும், லண்டன் கைஸ் மருத்துவமனையில் ரத்த அழுத்த ஆய்வில் பெயர் பெற்று 1884-இல் இளம் வயதில் மறைந்த பேரன் ஃபிரெடரிக் அக்பர் முகமதுவும் ஜேன் ஜெஃப்ரீஸ் வழி வந்தவர்கள். கார்க் ஜேனைப் பாட்டியாக வைத்து வரைந்த குடும்ப மரங்களை அந்த இடத்தில் திருத்தியாக வேண்டும்.