வலியால் பிறக்கும் வனப்பு: குதிரைகளும் நம் வரலாறும்

தமிழ் முஸ்லிம்களுக்கும் குதிரைக்கும் உள்ள உறவு பல நூற்றாண்டுப் பழமை உடையது. 'ராவுத்தர்' என்னும் பெயரே குதிரை வீரரைக் குறிப்பதாகும். இன்றோ அந்த உறவு பெரும்பாலும் மாப்பிள்ளை ஊர்வலத்தோடு நின்றுவிட்டது. பூவிருந்தவல்லி, ஆவடி, அம்பத்தூர் வட்டாரங்களில் மணமகன் ஏறிவர வாடகைக்குக் குதிரை அமர்த்துவோர் இன்னும் உள்ளனர். கழுத்தை வளைத்து, கால்களை உயர்த்தி, மேளத்துக்கேற்ப ஆடிவரும் அக்குதிரையைக் கண்டு நாம் மகிழ்கிறோம். அந்த அழகு எவ்வாறு உண்டாக்கப்படுகிறது என்பதை நாம் பெரும்பாலும் கேட்பதில்லை.

மார்க்கம் காட்டிய அழகு

குதிரையின் அழகை ரசிப்பதை இஸ்லாம் தடுக்கவில்லை. குதிரைகளையும் கோவேறு கழுதைகளையும் கழுதைகளையும் நாம் ஏறிச் செல்வதற்காகவும் அலங்காரமாகவும் படைத்ததாக அந்நஹ்ல் அத்தியாயத்தில் (16:8) இறைவன் கூறுகிறான். நபி (ஸல்) அவர்கள் ஒரு குதிரையின் நெற்றி முடியைத் தம் விரல்களால் சுருட்டியவாறு, மறுமை நாள்வரை அதில் நன்மை பிணைக்கப்பட்டுள்ளது எனக் கூறியதை ஜரீர் (ரலி) அறிவிக்கிறார்கள். இது ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது.

குதிரைப் பந்தயமும் மதீனாவில் நடந்தது. ஆயினும் பயிற்சி பெற்ற குதிரைகளுக்கு நெடுந்தூரமும், பயிற்சி பெறாதவற்றுக்குக் குறுந்தூரமும் வகுக்கப்பட்டன. உயிரின் ஆற்றலுக்கேற்பவே அதனிடம் உழைப்பு கோரப்பட்டது.

குதிரையின் நெற்றி முடியையும் பிடரி மயிரையும் வாலையும் கத்தரிக்க வேண்டாம் என்ற செய்தி அபூதாவூதில் இடம்பெறுகிறது. வால் ஈ ஓட்டும் விசிறி, பிடரி குளிர் காக்கும் போர்வை என்பதே அதற்குக் கூறப்படும் காரணம். இதன் அறிவிப்பாளர் வரிசை குறித்து அறிஞர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. எனினும் இதன் கருத்து, விலங்குகளின் காதுகளை அறுத்து இறைப்படைப்பை மாற்றுமாறு ஷைத்தான் தூண்டுவான் என எச்சரிக்கும் இறைவசனத்தோடு (4:119) ஒத்துச் செல்கிறது. முகத்தில் சூடிடப்பட்ட கழுதையைக் கண்டபோது, அவ்வாறு செய்தவனை நபி (ஸல்) அவர்கள் சபித்ததும் ஸஹீஹ் முஸ்லிமில் பதிவாகியுள்ளது.

பாண்டிய நாட்டுக் கரையில்

இப்போதனையை ஏற்ற சமுதாயம் குதிரை வாணிபத்தில் எவ்வாறு நடந்துகொண்டது? 13 ஆம் நூற்றாண்டின் இறுதியில் பாரசீக வளைகுடாவின் கைஸ் தீவிலிருந்து ஜமாலுத்தீன் என்னும் பெருவணிகர் ஆண்டுக்கு 1,400 குதிரைகளைப் பாண்டிய நாட்டுக்கு அனுப்பியதாகப் பாரசீக வரலாற்றாசிரியர் வஸ்ஸாஃப் எழுதியுள்ளார். ஒரு குதிரையின் விலை 220 தினார். கடல் வழியில் குதிரை இறந்தாலும் அதன் விலையை மன்னரின் கருவூலம் செலுத்த வேண்டும் என்பது உடன்பாடு.

அதே காலத்தில் வந்த மார்கோ போலோ, குதிரை பேணும் கலை இங்கு அறியப்படாததால் வாங்கிய குதிரைகள் விரைவில் மடிந்தன என்கிறார். இலாட வைத்தியர்கள் இங்கு வராதவாறு வணிகர்கள் பார்த்துக்கொண்டனர் என்றும் குறிப்பிடுகிறார். குதிரை இறந்தால்தானே அடுத்த ஆண்டும் விற்பனை நடக்கும்! நம் முன்னோரின் கடல் வாணிபத்தைப் போற்றும் நாம், இந்தப் பக்கத்தையும் மறைக்காமல் படிக்க வேண்டும். ஆதாயம் முன்னே நின்றால், மார்க்கம் அறிந்தவரிடமும் இரக்கம் பின்வாங்கிவிடுகிறது.

நாகரிகத்தின் பெயரால்

பிற்காலத்தில் ஆற்காட்டு நவாபுகளின் நாட்டை நோக்கிச் சென்ற நெடுஞ்சாலையில் பூவிருந்தவல்லி ஆங்கிலேயரின் படைமுகாமாக விளங்கியது. அந்த ஆங்கிலேயரின் தாய்நாட்டில் வண்டிக் குதிரையின் வாலெலும்பைத் துண்டிப்பது நாகரிகமாகக் கருதப்பட்டது. எஞ்சிய வால் நிமிர்ந்து நிற்பதற்காக அதன் அடித்தசையையும் அறுத்தனர். ஈ ஓட்ட வாலின்றி அக்குதிரைகள் வாழ்நாளெல்லாம் துன்புற்றன. தலை தாழாதவாறு இழுத்துக் கட்டும் வாரும் இருந்தது. ஆனா சூவல் என்னும் பெண்மணி 1877 இல் வெளியிட்ட 'பிளாக் பியூட்டி' புதினம் இக்கொடுமைகளை மக்களின் மனச்சாட்சிக்கு முன் வைத்தது. ஆயினும் வால் துண்டிப்பைப் பிரிட்டன் சட்டத்தால் தடுத்தது 1949 இல்தான்.

அமெரிக்காவின் டென்னசி நடைக் குதிரைகளின் கதை இன்னும் வேதனையானது. கண்காட்சியில் முன்னங்கால்களை மிக உயர்த்தி நடக்கும் குதிரைக்கே பரிசு. அதற்காகக் குளம்புக்கு மேலுள்ள தோலில் எரிச்சலூட்டும் இரசாயனம் தடவி, அதன்மேல் சங்கிலியும் பூட்டினர். தரையைத் தொட்டால் வலி என்பதால் குதிரை காலை உயரத் தூக்கியது. அதைப் பார்த்தவர்கள் கைதட்டினர். 1970 இல் தனிச்சட்டம் வந்த பின்னரும் இவ்வழக்கம் முற்றாக ஒழியவில்லை.

நம் தெருவில்

இன்று ஆவடியில் போர் டாங்கிகள் உருவாகின்றன. போர்க்களம் குதிரையை விடுவித்துவிட்டது, ஊர்வலம் இன்னும் விடவில்லை. இந்தியத் திருமண ஊர்வலக் குதிரைகளின் வாயில் முள் பதித்த கடிவாளங்கள் பலமுறை கண்டறியப்பட்டுள்ளன. வாரை இழுத்தால் முள் நாக்கிலும் உதட்டிலும் குத்தும். அந்த வலிக்கு அஞ்சியே குதிரை மோவாயை உள்ளிழுத்துக் கழுத்தை வளைக்கிறது. நாம் அதைக் கம்பீரம் என்கிறோம்.

இத்தகைய கடிவாளத்தை 1965 ஆம் ஆண்டின் விதிகள் தடை செய்துள்ளன. ஆனால் அவ்விதிகளுக்கு அடிப்படையான 1960 ஆம் ஆண்டின் விலங்கு வதைத் தடுப்புச் சட்டம், முதல் முறை வதை செய்பவருக்கு விதித்த அபராதத்தின் உச்சவரம்பு 50 ரூபாய்தான். சட்டத்தின் அச்சம் இவ்வளவே என்றால், இறையச்சமே காவலாக வேண்டும்.

பிராணிகளின் முதுகுகளை மேடைகளாக ஆக்கிக்கொள்ள வேண்டாம் என்ற நபிமொழியும் அபூதாவூதில் உண்டு. பட்டாசு வெடிக்கும் தெருவில், படமெடுப்பதற்காக மணமகனைச் சுமந்தபடி குதிரையை நெடுநேரம் நிறுத்தி வைப்போர் இதைச் சிந்திக்க வேண்டும்.

குதிரைக்காரரைப் பழித்துப் பயனில்லை. அவர் நாம் கேட்பதையே தருகிறார். ஆடும் குதிரை வேண்டும் என்று கேட்பவர் நாம்தான். ஆகவே குதிரை அமர்த்தும் குடும்பத்தார், முன்பணம் கொடுக்கும் முன்பே கடிவாளத்தைக் கழற்றிக் காட்டச் சொல்லலாம். ஆட்டம் வேண்டாம், மெல்ல நடந்தால் போதும் என்று கூறிவிடலாம். தண்ணீரும் ஓய்வும் கிடைக்கிறதா எனப் பார்க்கலாம். இவை இயலாவிடில் மாப்பிள்ளை காரில் வருவதால் நிகாஹ் எவ்வகையிலும் குறைவுபடாது. பரக்கத்தை நாடித் தொடங்கும் ஒரு வாழ்வின் முதல் நாளில், வாய் பேசாத உயிர் ஒன்று நமக்கு எதிரான சாட்சியாகிவிடக் கூடாது.

படைத்தவன் அளித்த அழகைப் படைத்தவாறே பேணும் உள்ளத்தை வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் வழங்குவானாக. ஆமீன்.