படைமுகாமில் உருவான வழக்கறிஞர்

வெள்ளிவிழாக் காணும் இவ்வேளையில், கல்வியையே படைக்கலமாக ஏந்திய ஒருவரின் வரலாற்றை நம் இளைஞர்முன் வைக்க விழைகிறோம். அவர் அமெரிக்கக் கறுப்பின வழக்கறிஞர் சார்லஸ் ஹாமில்டன் ஹூஸ்டன்.

1895-இல் வாஷிங்டனில் பிறந்த ஹூஸ்டன், முதல் உலகப் போரின்போது படை அதிகாரியானார். முகாமில் இராணுவச் சட்ட அலுவலும் அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. கறுப்பினப் படைவீரர் ஒருவர்மீது சுமத்தப்பட்ட குற்றத்திற்குச் சான்றில்லை என அவர் ஆராய்ந்துரைத்தார். மேலதிகாரிகள் அவரையே கடிந்துகொண்டனர், அவ்வீரரோ தண்டிக்கப்பட்டார். இக்கொடுமை அவர் நெஞ்சைச் சுட்டது. போரில் உயிர் தப்பினால் சட்டம் பயில்வதென உறுதி பூண்டார்.

ஹார்வர்டில் பயின்று, 1924-இல் வழக்கறிஞரானார். 1929 முதல் ஹோவர்டு பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் பொறுப்பேற்று, மாலை வகுப்புகளாக நடந்த அதனை முழுநேரப் பள்ளியாக உயர்த்தினார். அங்குப் பயின்ற தர்குட் மார்ஷலுடன் சேர்ந்து வாதிட்டு, 1936-இல் மேரிலாந்துப் பல்கலைக்கழகச் சட்டப்பள்ளியின் கதவைக் கறுப்பின மாணவருக்குத் திறந்துவைத்தார். வெள்ளையருக்குச் சட்டக்கல்வி அளிக்கும் மாநிலம், கறுப்பினத்தாருக்கும் தன் எல்லைக்குள்ளேயே அதனை அளித்தல் வேண்டும் என்னும் தீர்ப்பை, 1938-இல் மிசௌரி வழக்கில் உச்சநீதிமன்றத்திடம் பெற்றார்.

1950-இல் ஹூஸ்டன் மறைந்தார். பள்ளிகளில் நிறப்பிரிவினை செல்லாதென 1954-இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தபோது, வழக்காடி வென்றவர் மார்ஷலே. 1967-இல் அம்மன்றத்தின் முதல் கறுப்பின நீதிபதியானவரும் அவரே.

தாம் காணாத தீர்ப்புக்காக உழைத்தவர் ஹூஸ்டன். அவர் தாம் கற்றதோடு நின்றிருப்பாராயின் ஒரு வழக்கறிஞரே கிடைத்திருப்பார். கற்பித்தமையால் ஒரு தலைமுறை கிடைத்தது. பட்டம் பெறும் நம் பிள்ளைகள் இதனை மறவாதிருப்பார்களாக!