எரிபொருள் கசிந்த மண்: தோண்டி எடுப்பதிலிருந்து காற்றூட்டுவது வரை

பெட்ரோலோ டீசலோ கசிந்து ஊறிய மண்ணைத் தோண்டி, லாரியில் ஏற்றி, வேறோரிடத்தில் கொட்டுவதுதான் நெடுங்கால வழக்கம். நஞ்சு இடம் மாறியதே தவிர, அழியவில்லை. இருந்த இடத்திலேயே அதை அழிக்கலாம் என்பதற்கான அறிவியல் அடிப்படை 1946-லேயே கிடைத்துவிட்டது. அமெரிக்க நுண்ணுயிரியலாளர் கிளாட் ஜோபெல் அந்த ஆண்டு வெளியிட்ட ஆய்வுத் தொகுப்பில், ஹைட்ரோகார்பனை உணவாக்கிக்கொள்ளும் பாக்டீரியா, ஈஸ்ட், பூஞ்சை இனங்கள் ஏறக்குறைய 100 இடம்பெற்றன. அவற்றில் பல சாதாரண மண்ணிலேயே வாழ்பவை.

அப்படியானால் கசிந்த எண்ணெய் ஏன் ஆண்டுக்கணக்கில் மண்ணிலேயே கிடக்கிறது?

இதற்கான விடையைக் களத்தில் காட்டியவர் சன் ஆயில் நிறுவன ஆய்வாளர் ரிச்சர்ட் ரேமண்ட். பென்சில்வேனியாவின் ஆம்ப்ளரில் குழாயிலிருந்து பெட்ரோல் கசிந்து நிலத்தடி நீரில் கலந்திருந்தது. இறைத்து எடுக்க முடிந்ததை எடுத்த பிறகும் பாறை இடுக்குகளில் மிச்சம் இருந்தது. 1972-இல் அவர் குழு கிணறுகளுக்குள் கம்ப்ரசர் மூலம் காற்றைச் செலுத்தி, அமோனியம் சல்பேட்டையும் பாஸ்பேட் உப்புகளையும் கரைத்து விட்டது. வயலுக்கு இடுகிற தழைச்சத்தும் மணிச்சத்தும்தான் அவை. புதிய கிருமி எதையும் அவர்கள் கொண்டுவரவில்லை. அங்கேயே இருந்தவற்றின் பட்டினியைத் தீர்த்தார்கள்.

அதே காலத்தில் ஆனந்த மோகன் சக்கரவர்த்தி ஆய்வகத்தில் உருவாக்கிய, எண்ணெய் தின்னும் பாக்டீரியாதான் உலகப் புகழ் பெற்றது. உயிருக்குக் காப்புரிமை தரலாம் என்று 1980-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் 5-4 பெரும்பான்மையில் தீர்ப்பளித்தது அந்தப் பாக்டீரியா குறித்த வழக்கில்தான். சட்ட வரலாற்றில் அது பெரிய திருப்பம். மண்ணைத் துப்புரவாக்கும் வரலாற்றிலோ ரேமண்டின் உரக்கரைசலே முக்கியம்.

ஆனால் ரேமண்டின் முறைக்கும் ஓர் எல்லை உண்டு. ஒரு கிராம் எரிபொருள் முழுமையாகச் சிதைய ஏறத்தாழ மூன்றரை கிராம் ஆக்சிஜன் வேண்டும். காற்றேறிய தண்ணீரில் அவ்வளவு ஆக்சிஜனைக் கொண்டுசெல்ல சுமார் 400 லிட்டர் தேவை. காற்றாகவே கொடுத்தால் 13 லிட்டர் போதும்.

யூட்டா மாநிலத்தின் ஹில் விமானப்படைத் தளத்தில் இது தெளிவாகத் தெரிந்தது. 1985 ஜனவரியில் தொட்டி நிரம்பி வழிந்து ஒரு லட்சம் லிட்டர் அளவுக்கு விமான எரிபொருள் மண்ணில் இறங்கியது. ஆவியை உறிஞ்சி எடுக்கத்தான் அங்கே குழாய்கள் பதித்தார்கள். வெளிவந்த காற்றை அளந்தபோது ஆக்சிஜன் குறைந்தும் கார்பன் டை ஆக்சைடு கூடியும் இருந்தது. நுண்ணுயிர்கள் மண்ணுக்குள்ளேயே எரிபொருளைத் தின்றுகொண்டிருந்தன. உறிஞ்சும் வேகத்தைக் குறைத்து ஈரத்தைக் கூட்டினார்கள். ஆவியாக வெளியேறிய பங்கு குறைந்து, மண்ணிலேயே சிதைந்த பங்கு கூடியது. 1990-களில் அமெரிக்க விமானப்படை நூற்றுக்கும் மேற்பட்ட இடங்களில் இம்முறையைச் சோதித்தது.

அதற்கு முன்னோட்டமாகச் செய்யும் சோதனை எளியது. மண்ணுக்குள் ஏறக்குறைய ஒரு நாள் காற்றைச் செலுத்தி, நிறுத்திவிட்டு, ஆக்சிஜன் எவ்வளவு வேகமாகக் குறைகிறது என்று மணிக்கணக்கில் குறிக்க வேண்டும். விரைந்து குறைந்தால் உயிர்கள் வேலை செய்கின்றன என்று பொருள். இறுகிய களிமண்ணிலும் நீர் நிறைந்த மண்ணிலும் காற்று நுழையாது. அங்கே வேறு வழிதான் தேட வேண்டும்.

சென்னை தண்டையார்பேட்டையில் 2013-இல் நிலத்தடிக் குழாயிலிருந்து கசிந்த எரிபொருள், வீட்டு ஆழ்துளைக் கிணறுகளின் தண்ணீரோடு சேர்ந்து வந்தது. குடியிருப்புகளுக்கு அடியில் உள்ள மண்ணைத் தோண்டி எடுத்துப் போக முடியாது. அத்தகைய இடத்தில் காற்றூட்டல் பலிக்குமா என்று கசிந்த உடனே தெரிய வேண்டும். அதற்காக, குழாய் செல்லும் ஒவ்வொரு நகரிலும் மண்ணின் ஆக்சிஜன் அளவையும் நிலத்தடி நீர்மட்டத்தையும் முன்கூட்டியே அளந்து பதிவு செய்து வைக்கும் பொறுப்பை, குழாய் பதிக்க அனுமதி கொடுக்கும்போதே நிறுவனங்கள்மீது அரசு சுமத்த வேண்டும்.