பறித்தவர்களும் பார்த்தவரும்

அல்லிநகரத்தில் வீரப்ப அய்யனார் கோயிலுக்குப் போகிற வழியில், கிணற்றோரத் தென்னைகளில் தூக்கணாங்குருவிக் கூடுகள் தொங்கும். காற்றில் விழுந்ததை எடுத்து வந்து வாசலில் கட்டுவதுதான் எங்களுக்குத் தெரிந்த பறவை ஆராய்ச்சி.

வெள்ளைக்காரர்கள் விழும்வரை காத்திருக்கவில்லை. முட்டையைத் துளையிட்டு ஊதி, பெட்டியில் அடுக்கினார்கள். காங்கிரஸைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான அதே ஹியூம்தான், 1873-ல் இந்தியப் பறவைகளின் கூடு, முட்டைகளைப் பற்றிப் பெரிய நூல் வெளியிட்டார். கோத்தகிரியிலிருந்து அவருக்குக் குறிப்பு அனுப்பியவர் மார்கரெட் காக்பர்ன். ஹியூமின் மற்ற கையெழுத்துப் பிரதிகள் பிற்பாடு சிம்லா கடைத்தெருவில் பழைய பேப்பர் விலைக்குப் போயின.

பொறுமையாக உட்கார்ந்து பார்த்தவர் பறவையியலாளர் சலீம் அலி. 1930-ல் அவருக்கு வேலை இல்லை. பம்பாய்க்குத் தெற்கே கிஹிமில், வீட்டருகிலேயே தூக்கணாங்குருவிகள். ஆண் கூட்டைப் பாதி கட்டி நிறுத்திவிடுகிறது. பெட்டைகள் வந்து, உள்ளே புகுந்து சோதிக்கின்றன. ஒன்றுக்குப் பிடித்துப்போனால்தான் முட்டை அறை முடிந்து, நீளக் குழாய் வாசல் இறங்கும். பெட்டை அடைகாக்க உட்கார்ந்ததும் ஐயா அடுத்த கூட்டுக்கு நார் கிழிக்கக் கிளம்பிவிடுவார்! 1931-ல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழக இதழில் இது அச்சானது. அதுவரை பாதிக் கூட்டை ஆண்குருவியின் ஊஞ்சல் என்றே பலரும் நம்பினார்கள். உண்மையில் பல, பெட்டைகள் வேண்டாமென்று ஒதுக்கியவை.

கூட்டுக்குள் அப்பிய களிமண், மின்மினியை ஒட்டி விளக்கேற்ற என்பார் எங்கள் அப்பத்தா. களிமண்ணை நானும் பார்த்திருக்கிறேன், மின்மினியைத்தான் காணோம்.