ஒரே சோர்வு, இரண்டு நோய்கள்

மனநல மருத்துவரின் அறைக்கு இரண்டு பேர் வருகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். இருவருக்கும் எதிலும் பிடிப்பில்லை. குளிப்பதுகூட மலைப்பாக இருக்கிறது. செத்துவிடலாமா என்ற நினைப்பு வந்து வந்து போகிறது. இரண்டு வாரத்துக்கு மேலாக இதே நிலை. இருவருக்கும் மனச்சோர்வுதான். ஆனால் ஒருவருடையது சோர்வு மட்டுமே வரும் நோய். மற்றவருடையது பைபோலார் எனப்படும் இருமுனைக் கோளாறு. 1899இல் மனநல மருத்துவர் எமில் கிரெப்பலின் செய்த வகைப்பாட்டில் இவை பெரும்பாலும் ஒரே நோயாகவே அடங்கின. இரண்டும் வேறு என்று 1957இல் வாதிட்டவர் ஜெர்மானிய மருத்துவர் கார்ல் லியோன்ஹார்ட்.

அறிகுறிகளை அருகருகே வைத்தால் சில சாய்வுகள் தெரியும். இருமுனைச் சோர்வு பெரும்பாலும் இளவயதிலேயே, இருபத்தைந்துக்குள், தலைகாட்டும். அதிகத் தூக்கமும் அதிகப் பசியும் அதில் கூடுதலாகக் காணப்படும். மற்றதில் தூக்கம் கெடுவதும் எடை குறைவதும் அதிகம். ஆனாலும் இவற்றை மட்டும் வைத்து யாரையும் தரம் பிரித்துவிட முடியாது. தீர்மானிப்பது, எப்போதாவது ஒரு எழுச்சி வந்து போயிருக்கிறதா என்பதுதான்.

எழுச்சியில் மனம் எதிர்த்திசையில் ஓடுகிறது. சோர்வில் ஒரு முடிவெடுக்கவே நாளெல்லாம் ஆகும்; எழுச்சியில் முடிவுகள் யோசிக்கும் முன்பே எடுக்கப்பட்டுவிடும். ஒரு எண்ணம் முடிவதற்குள் அடுத்தது முந்திக்கொள்ளும். மூன்று மணி நேரத் தூக்கமே போதுமென்று தோன்றும். ஒரு வாரம் நீடித்தால் முழு எழுச்சி. நான்கு நாளாவது நீடிக்கும் மிதமான எழுச்சியும் உண்டு. இந்த மிதமான வகைதான் கண்ணில் படாமல் தப்புகிறது. அந்த நாட்களில் வேலை நடக்கும், பேச்சு களைகட்டும். ஆள் தேறிவிட்டார் என்று வீட்டில் நிம்மதிப் பெருமூச்சு விடுவார்கள்.

இந்த வேறுபாடு மருந்துச் சீட்டில் போய் முடிகிறது. சோர்வு மட்டும் உள்ளவருக்குச் சோர்வுநீக்கி மாத்திரை போதுமானதாக இருக்கலாம். இருமுனைக் கோளாறு உள்ள சிலருக்கு அதைத் தனியாகக் கொடுத்தால், மனநிலை எழுச்சிப் பக்கம் சாய்ந்துவிடக்கூடும். அவர்களுக்கு மனநிலையை நிலைப்படுத்தும் மருந்து தேவை. அவற்றில் மூத்தது லித்தியம். எழுச்சியை அது அடக்குவதை 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் வெளியிட்டார். தற்கொலை அபாயத்தையும் அது குறைக்கிறது. ஆனால் ரத்தத்தில் அதன் அளவு சற்று ஏறினாலும் நஞ்சாகிவிடும். எனவே ரத்தப் பரிசோதனையைத் தவறவிடக் கூடாது.

சிக்கல் எங்கே என்றால், சோர்வை நோயாளியே சொல்லிவிடுவார். எழுச்சியைச் சொல்ல மாட்டார். “எப்பவாச்சும் தூக்கமே இல்லாம சுறுசுறுப்பா இருந்திருக்கீங்களா?” என்று மருத்துவர் கேட்டால், “அப்பத்தான் சார் நான் நல்லா இருந்தேன்” என்பார். பக்கத்தில் இருக்கும் மனைவிதான், “அந்த மாசம்தான் டாக்டர், கேக்காம கொள்ளாம நகைய அடகு வச்சு ரெண்டு வண்டி வாங்கினாரு” என்று எடுத்துக்கொடுப்பார்.

அதனால் சோர்வென்று முதன்முறை மருத்துவரிடம் போகிறவர், தன்னோடு சில வருடங்களாவது வாழ்ந்த ஒருவரை உடன் அழைத்துப் போவது நல்லது. ஏற்கெனவே மாத்திரை தொடங்கியவர், திடீரென்று தூக்கம் குறைந்து உற்சாகம் பொங்கினால், குணமாகிவிட்டது என்று தானாக மாத்திரையை நிறுத்திவிடாமல் உடனே மருத்துவரிடம் சொல்ல வேண்டும்.