பழைய திறன்பேசிகளின் வேகக் குறைவு

முத்துக்குளித்துறை எனப்படும் தூத்துக்குடிக் கடற்கரையில், மீனவர் கடலுக்குச் செல்லுமுன் காற்று, அலை நிலவரத்தைத் திறன்பேசியில் பார்ப்பதுண்டு. எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனத்தின் மீனவர் செயலி இவற்றைத் தமிழில் தருகிறது. பேசி மந்தமானால் தகவலும் தாமதமாகும்.

இயங்குதளத்தைப் புதுப்பித்தபின் பழைய பேசிகள் மந்தமாகின்றன என்பது உலகெங்கும் நெடுநாள் முறையீடு. 2017 டிசம்பரில் ஆப்பிள் நிறுவனம், அவ்வாண்டு ஜனவரியில் வெளியிட்ட ஐஓஎஸ் 10.2.1 வழியாகச் சில பழைய ஐபோன்களின் வேகத்தைக் குறைத்ததை ஒப்புக்கொண்டது. தேய்ந்த லித்தியம் அயனி பேட்டரி திடீர் மின்தேவையைத் தாங்காமல் பேசி அணைந்துபோவதைத் தடுக்கவே அவ்வாறு செய்ததாக விளக்கியது.

பயனருக்குத் தெளிவாகச் சொல்லாததே வழக்குகளுக்கு வித்திட்டது. 2018இல் இத்தாலி ஆப்பிளுக்கு 1 கோடி யூரோ தண்டம் விதித்தது. கேலக்சி நோட் 4 வைத்திருந்தோரை அது தாங்காத ஆண்ட்ராய்டு பதிப்புக்கு மாறத் தூண்டியதற்காகச் சாம்சங்குக்கு 50 லட்சம் யூரோ விதித்தது. 2020இல் பிரான்சு ஆப்பிளுக்கு 2.5 கோடி யூரோ விதித்தது.

இந்தியாவில் ஐபோன் பேட்டரி மாற்றும் கட்டணம் சுமார் 6,500 ரூபாயிலிருந்து 2,000 ரூபாயாகக் குறைந்தது. 2018 மார்ச்சில் வந்த ஐஓஎஸ் 11.3, பேட்டரியின் நிலையைப் பயனரே பார்க்க வழிசெய்தது. மந்தமான பேசி எல்லாம் கழிக்கப்பட வேண்டியதன்று, சிலவற்றுக்குப் புதிய பேட்டரியே போதும் என்பது அதன்பின் பரவலாக அறியப்பட்டது.