டம்ளருக்குள்ள இருக்கிற வெற்றிடம் எத்தனை வருஷம் தாங்கும்?

2023 நவம்பர்ல டிக்டாக்ல ஒரு வீடியோ பயங்கரமா சுத்துச்சு. அமெரிக்காவுல ஒரு பெண்ணோட கார் தீப்பிடிச்சு எரிஞ்சு போயிருக்கு. உள்ள எல்லாம் கருகிக் கிடக்கு. ஆனா கப் ஹோல்டர்ல இருந்த ஸ்டான்லி டம்ளர் மட்டும் அப்படியே நிக்குது. எடுத்து ஆட்டினா உள்ள ஐஸ் சத்தம் கேட்குது. ஸ்டான்லி கம்பெனியோட தலைவரே வீடியோ போட்டு, உங்களுக்குப் புது டம்ளர் அனுப்புறோம், காரையும் மாத்தித் தர்றோம்னு சொன்னார். அதுக்கப்புறம் நம்ம ஊர் ஆபீஸ் மேஜையில எல்லாம் கைப்பிடி வச்ச பெரிய டம்ளர் வந்து உட்கார்ந்தது உங்களுக்கே தெரியும்.

அந்த வீடியோ ஒரு டம்ளர் ஒரே ஒரு நாள்ல என்ன செஞ்சதுன்னு காட்டுது. நான் இன்னிக்குக் கேட்கப் போற கேள்வி வேற. ஆயிரக்கணக்குல காசு கொடுத்து வாங்குற இந்த டம்ளர், அஞ்சு வருஷம் கழிச்சும் இதே வேலையைச் செய்யுமா? பத்து வருஷம் கழிச்சு? இதுக்குப் பதில் தேடினா, நாம முதல்ல 1892-ல இருந்த லண்டனுக்குப் போகணும்.

காபிக்காகப் பிறக்காத பாத்திரம்

ஜேம்ஸ் டியூவர், 1842-ல ஸ்காட்லாந்துல பிறந்தவர். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷன்ல வேதியியல் பேராசிரியர். அந்தக் காலத்துல விஞ்ஞானிகளுக்குள்ள ஒரு பெரிய போட்டி நடந்துக்கிட்டு இருந்தது. எந்த வாயுவை யார் முதல்ல திரவமாக்குறது? ஆக்ஸிஜனைத் திரவமாக்கினா அதோட கொதிநிலை மைனஸ் 183 டிகிரி செல்சியஸ். சாதாரண கண்ணாடிப் பாத்திரத்துல ஊத்தினா, அந்த அறையோட சூடே அதுக்கு அடுப்பு மாதிரி. கண்ணு முன்னாடியே கொதிச்சு ஆவியாகிடும். கஷ்டப்பட்டுத் தயாரிச்சதை வச்சு ஆராய்ச்சி பண்ணவே நேரம் இருக்காது.

டியூவர் 1892-ல செஞ்சது இதுதான். ஒரு கண்ணாடிக் குடுவைக்குள்ள இன்னொரு கண்ணாடிக் குடுவை. ரெண்டும் வாய்ப்பகுதியில மட்டும் ஒட்டியிருக்கும். நடுவுல இருக்கிற காத்தை பம்ப் வச்சு உறிஞ்சி எடுத்துட்டு மூடிடணும். ஸ்கூல்ல படிச்சிருப்போம்: வெப்பக் கடத்தல், வெப்பச் சலனம், வெப்பக் கதிர்வீச்சு. காத்து இல்லைன்னா முதல் ரெண்டுக்கும் நடுவுல வழி கிடையாது. மூணாவதைத் தடுக்க, கண்ணாடிக்கு வெள்ளிப் பூச்சு. உள்ளே வர்ற கதிர்வீச்சைக் கண்ணாடி மாதிரி திருப்பி அனுப்பிடும். இந்தப் பாத்திரத்தோட உதவியில 1898-ல டியூவர் ஹைட்ரஜனைத் திரவமாக்கினார். அதோட கொதிநிலை மைனஸ் 253 டிகிரி.

டியூவர் இதுக்கு பேட்டன்ட் எடுக்கல. பெர்லின்ல ரைன்ஹோல்ட் பர்கர்னு ஒரு கண்ணாடிக் கைவினைஞர் இருந்தார். இந்த மாதிரிக் குடுவைகளைச் செய்யுறதே அவரோட தொழில். காபி, டீ சூட்டையும் இது காப்பாத்துமேன்னு அவருக்குத் தோணுச்சு. வெளியே ஒரு உலோகக் கூடு, உள்ளே கண்ணாடி ஆடாம இருக்கத் தாங்கிகள். 1903-ல ஜெர்மன் பேட்டன்ட்டுக்கு விண்ணப்பிச்சார். 1904-ல கம்பெனி. சூட்டைக் குறிக்கிற கிரேக்கச் சொல்லுல இருந்து எடுத்த பேர்: தெர்மோஸ். டியூவர் கோர்ட்டுக்குப் போனார். கண்டுபிடிச்சது அவர்தான், ஆனா பேட்டன்ட் இல்லாததால கம்பெனியைத் தடுக்க முடியல. 1907-ல தெர்மோஸ் உரிமைகள் அமெரிக்கா, இங்கிலாந்து, கனடா கம்பெனிகளுக்கு வித்தாச்சு.

இந்தக் கதையில ஒரு பின்குறிப்பு உண்டு. தெர்மோஸ் அவ்வளவு பிரபலமாகி, மக்கள் எல்லா பிளாஸ்க்கையும் தெர்மோஸ்னே கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அலாடின்னு ஒரு போட்டிக் கம்பெனியும் அந்தச் சொல்லைப் பயன்படுத்தணும்னு கேட்க, 1963-ல அமெரிக்க அப்பீல் கோர்ட், அது பொதுச்சொல்லாகிடுச்சுன்னு தீர்ப்பு சொல்லிடுச்சு. டியூவர் கையை விட்டுப் பொருள் போச்சு, தெர்மோஸ் கையை விட்டுப் பேரு போச்சு.

கண்ணாடி உடையும், ஆனா கெடாது

சரி, ஆயுள் விஷயத்துக்கு வருவோம். நம்ம அம்மா, பாட்டி காலத்து பிளாஸ்க் ஞாபகம் இருக்கா? ஆஸ்பத்திரிக்குக் கஞ்சி, பால் எடுத்துட்டுப் போற பிளாஸ்க். அதைக் கழட்டினா, உள்ள இருக்கிற கண்ணாடியோட அடியில ஒரு சின்ன காம்பு மாதிரி முனை இருக்கும். காத்தை உறிஞ்சி எடுத்த குழாயை உருக்கி மூடின இடம் அது. அந்த முனை உடைஞ்சா கதை முடிஞ்சது.

கண்ணாடிக்கு ஒரு நல்ல குணம் உண்டு. அது ரொம்ப சுத்தமான பொருள். தன் உடம்புல இருந்து வாயுவை அதிகமா வெளியே விடாது. உள்ள இருக்கிற வெள்ளிப் பூச்சும் காத்தே இல்லாத இடத்துல இருக்கிறதால கருக்காது. அதனால உடையாத வரைக்கும் கண்ணாடி பிளாஸ்க் பல வருஷம் ஒழுங்கா உழைக்கும். உடைஞ்சா? கடையில ரீஃபில்னு கேட்டா உள் கண்ணாடி மட்டும் தனியாக் கிடைக்கும். மாத்திட்டா பிளாஸ்க் புதுசு. இதை மனசுல வச்சுக்கோங்க, திரும்ப வருவோம்.

ஸ்டீல் உடையாது, ஆனா...

கண்ணாடி உடையுதுன்னா இரும்புல செய்யலாமேன்னு நினைச்சவர் வில்லியம் ஸ்டான்லி. இவர் யாரோ பாத்திரக்காரர் இல்ல. 1886-ல மாசசூசெட்ஸ்ல கிரேட் பேரிங்டன் ஊர்ல, டிரான்ஸ்ஃபார்மர் வச்சு ஏசி மின்சாரத்தைக் கடைகளுக்குக் கொண்டு போய்க் காட்டின எலக்ட்ரிக்கல் இன்ஜினியர். 1913-ல முழுக்க ஸ்டீல்லயே பிளாஸ்க் கொண்டு வந்தார். அந்த டிக்டாக் டம்ளர்ல இருக்கிற பேரு இவரோடதுதான்.

அடுத்த பெரிய அடி 1978-ல, ஜப்பான்ல. நிப்பான் சான்சோ கம்பெனி உயர் வெற்றிடம் உள்ள ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பாட்டிலைக் கொண்டு வந்தது. ஜப்பானிய மொழியில சான்சோன்னா ஆக்ஸிஜன். தொழிற்சாலைகளுக்கு வாயுக்களைத் தயாரிச்சுக் கொடுக்கிற கம்பெனி அது. டியூவர் எந்தத் திரவத்துக்காகக் குடுவை செஞ்சாரோ, அதே திரவத்தை விக்கிறவங்க. 1989-ல இவங்களே தெர்மோஸையும் வாங்கிட்டாங்க.

ஆனா ஸ்டீலுக்குள்ள, அது உருவாகும்போதே கரைஞ்சிருக்கிற ஹைட்ரஜன் மாதிரி வாயுக்கள் இருக்கும். மெதுவா, வருஷக்கணக்குல, அது வெற்றிடத்துக்குள்ள கசியும். வெளியில ஓட்டையே இல்லாம, சுவர்ல இருந்தே வாயு வரும். அதனால தயாரிக்கும்போதே வெற்றிட உலையில வச்சு நல்லா சூடாக்கி, முடிஞ்ச அளவு வாயுவைத் துரத்துறாங்க. அதுக்கு மேல, கெட்டர்னு ஒரு சின்னப் பொருளை நடுவுல வைக்கிறாங்க. ஜிர்கோனியம் மாதிரி உலோகங்கள். அலைஞ்சுட்டு இருக்கிற வாயு மூலக்கூறைப் பிடிச்சு வச்சுக்கிற வேலை அதுக்கு. இதுக்கும் முன்னோடி டியூவர்தான்: குளிர வச்ச கரித்தூள் மிச்ச வாயுவை உறிஞ்சி வெற்றிடத்தை இன்னும் சுத்தமாக்கும்னு 1900-களோட தொடக்கத்துலயே காட்டிட்டார்.

2024 ஜனவரியில ஸ்டான்லி டம்ளர்ல ஈயம் இருக்குன்னு ஒரு பரபரப்பு வந்ததே, அதுவும் இந்த வெற்றிடக் கதைதான். டம்ளரோட அடியில, காத்தை எடுத்த துளையை மூடுற சின்ன உருண்டையில ஈயம் கலந்திருக்கு, அது மேல ஸ்டீல் மூடி இருக்கு, அந்த மூடி கழன்டு போகாத வரைக்கும் யார் கையிலயும் படாதுன்னு கம்பெனி விளக்கம் கொடுத்துச்சு. பழைய கண்ணாடியோட காம்பு முனை செஞ்ச வேலையைத்தான் அந்த உருண்டை செய்யுது.

ஏன் திடீர்னு கெட்டுப் போகுது?

இப்ப எனக்கு ரொம்பப் பிடிச்ச பகுதி. வெற்றிடத்துக்குள்ள கொஞ்சம் காத்து போனா, டம்ளர் கொஞ்சம் மோசமாகும், அவ்வளவுதானேன்னு தோணும். இயற்பியல் அப்படி வேலை செய்யல. 1860-ல ஜேம்ஸ் கிளார்க் மேக்ஸ்வெல் வாயுக்களைப் பத்தி ஒரு விசித்திரமான முடிவுக்கு வந்தார். வாயுவோட பிசுபிசுப்பு, அதோட அடர்த்தியைப் பொறுத்து மாறாது. வெப்பக் கடத்தலுக்கும் இதே தர்க்கம்தான். காத்தைக் குறைச்சா சூட்டைத் தூக்கிட்டுப் போற மூலக்கூறுகளோட எண்ணிக்கை குறையுது. ஆனா கூட்டம் குறைஞ்சதால ஒவ்வொண்ணும் இடிபடாம அதிக தூரம் ஓடுது. இதுவும் அதுவும் சரிக்குச் சரி.

டம்ளர் சுவர்களுக்கு நடுவுல சில மில்லிமீட்டர்தான் இடைவெளி. மூலக்கூறு ஒண்ணு இன்னொண்ணு மேல இடிக்காம இந்தச் சுவர்ல இருந்து அந்தச் சுவருக்கு ஓடுற நிலை வந்தாதான் கடத்தல் குறைய ஆரம்பிக்கும். அதுக்கு அழுத்தம் வெளிக்காத்துல ஏறத்தாழ ஒரு லட்சத்துல ஒரு பங்குக்குக் கீழ போகணும். 99.9 சதவீதம் காத்தை எடுத்துட்டாலும், மிச்சம் இருக்கிறது கிட்டத்தட்ட முழுக் காத்து மாதிரியேதான் சூட்டைக் கடத்தும்!

அப்படின்னா என்ன அர்த்தம்? கீழே விழுந்து வெல்டிங்ல கண்ணுக்குத் தெரியாத விரிசல் வந்தா போதும். ஆயிரத்துல ஒரு பங்கு காத்து உள்ள போனாலே வெற்றிடத்தால வந்த லாபம் மொத்தமும் காலி. எங்க பாஷையில சொன்னா, சிங்கிள் பாயிண்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரு கம்பெனியில ஜாயினிங் கிட்ல கொடுத்த டம்ளர் எங்கிட்ட இருக்கு. ரெண்டு வருஷத்துல வெளிப்பக்கம் சுட ஆரம்பிச்சுடுச்சு. பார்க்க இன்னும் புதுசு மாதிரிதான் பளபளன்னு இருக்கு.

உங்க டம்ளரை நீங்களே சோதிக்கலாம். கொதிக்கிற தண்ணியை ஊத்தி மூடி, அஞ்சு நிமிஷம் கழிச்சு வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்க. வாய்ப்பகுதி சூடா இருந்தா பரவாயில்ல, அங்க ரெண்டு சுவரும் ஒட்டியிருக்கு. நடுப்பகுதியோ அடிப்பகுதியோ சுட்டா வெற்றிடம் போயிடுச்சு. சுடலைன்னா, ஆனாலும் காபி சீக்கிரம் ஆறுதுன்னா, மூடியில இருக்கிற ரப்பர் வளையத்தைப் பாருங்க. அதை மாத்திக்கலாம்.

வெற்றிடம் போன ஸ்டீல் டம்ளரை மட்டும் யாரும் சரி பண்ணித் தர மாட்டாங்க. திரும்பக் காத்தை எடுத்து மூடணும்னா வெற்றிட உலை வேணும். கம்பெனி வாரன்ட்டி கொடுத்தாலும் புதுசு ஒண்ணு கொடுப்பாங்க, பழசு குப்பைக்குப் போகும். கைதவறினா உடையுற கண்ணாடி பிளாஸ்க்ல கெட்ட பாகத்தை மட்டும் மாத்த முடிஞ்சது. எதுக்கும் உடையாதுன்னு விக்கிற டம்ளர்ல அந்த வழியே இல்ல.

ஸ்டீலே வேண்டாம்னு நான் சொல்ல வரல. நல்லா செஞ்ச ஸ்டீல் டம்ளர், கீழே போடாம வச்சிருந்தா பத்து வருஷம் தாண்டியும் உழைக்கும். அதுக்காகத்தான் அதை வாங்கணும். வருஷத்துக்கு ஒரு கலர்னு மாத்துறதுக்கு, அவ்வளவு கஷ்டப்பட்டு ஒரு வெற்றிடத்தை அடைச்சு வைக்க வேண்டிய அவசியமே இல்ல. வெளிச்சுவர் சுட ஆரம்பிச்ச டம்ளரையும் தூக்கிப் போட்டுடாதீங்க. நடுவுல காத்து இருந்தாலும், அது ஒத்தச் சுவர் டம்ளரை விடக் கொஞ்சம் மேல்தான். என்னோடது இப்ப மேஜையில பேனா வைக்கிற இடம்.

உங்க வீட்டுல ரொம்ப வருஷமா உழைக்கிற பிளாஸ்க் இருந்தா, அந்தக் கொதிதண்ணி சோதனையைச் செஞ்சுட்டு ரிசல்ட் எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல பார்ப்போம்.